வாசிக்கவொண்ணா ஏடு

பாலபண்டித வகுப்பிலே ஒருநாள் திருக்குறள் நடந்துகொண்டிருந்தது. புணர்ச்சி விதும்பல் அதிகாரம். கண்ணுக்கு மை தீட்டுவதை வள்ளுவர் 'எழுதுதல்' என்று சொல்லும் குறளுக்கு வந்தோம். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, கண்ணிலே எப்படி எழுதுகிறது? எழுதினால் அதை ஒருவர் வாசிக்க வேண்டாமோ?"

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி.

விடை சொல்வது எளிது, சொன்னேன். பழந்தமிழிலே எழுதுதல் என்பது வரைதலுக்கும் பெயர். மகளிர் மேனியில் தொய்யில் எழுதினார்கள். மடலேறத் துணிந்தவன் தன் காதலியின் உருவைக் கிழியில் எழுதிக் கையில் ஏந்தினான். திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பரிபாடல் 'எழுத்து' என்னும் சொல்லாலேயே குறிக்கின்றது. நம் முன்னோருக்கு எழுத்தாணியும் துகிலிகையும் ஒரே தொழிலின் இரு கருவிகள். இவ்வளவும் சொல்லி, மணி அடிக்க, வகுப்பை விட்டேன். சொன்னது சரியான விடைதான். ஆனால் அவள் கேள்வியின் பின்பாதி, 'வாசிக்க வேண்டாமோ' என்பது, விடையின்றி நின்றுவிட்டது. அதற்கு விடை என்னிடத்திலே அன்று இருந்ததில்லை. அதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன்னே நானும் ஓர் ஓவியத்தின் முன்னின்று கோபத்தோடு கேட்டவன். அந்தக் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். என் தமக்கையின் மகன் வளசரவாக்கத்தில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த மறுநாள், "மாமா, கோயில் குளமெல்லாம் நீங்கள் பார்த்ததுதானே. உங்களுக்குப் பிடிக்காத ஓரிடத்துக்கு இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லி, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குக் கொண்டுபோனான். சோழமண்டலம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் கல்வெட்டு ஏதேனும் இருக்கும் என்று நம்பி இறங்கினேன். கல்வெட்டு இல்லை. மரநிழலும், மணற்றரையும், வீடுகளும், வீடுகளுக்கிடையே கல்லாலும் உலோகத்தாலும் ஆன சிற்பங்களும் இருந்தன. ஓவியரும் சிற்பியரும் கூடி 1966இல் அமைத்துக்கொண்ட ஊர் அது. அரசினர் கொடுத்ததன்று, துணியிலே பத்திக் சாயமிட்டு விற்று, அந்தப் பணத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்களாம். கலைஞர் காசு சேர்த்துக் காணி வாங்கினார்கள் என்பதே யாழ்ப்பாணத்தானாகிய எனக்கு முதல் அதிசயம்.

அங்குள்ள அருங்காட்சியகத்திலே ஓர் ஓவியத்தின் முன் மருமகன் என்னை நிறுத்தினான்.

"மாமா, நீங்கள் பண்டிதர். இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ பாப்பம்."

பழுப்பும் மஞ்சளும் கலந்த பரப்பு. எங்கள் பனையோலை பல காலம் புகையேறிக் கிடந்தால் அந்த நிறம் வரும். அதிலே நிரல் நிரலாக எழுத்துகள். ஒருபுறம் இராசிச் சக்கரம் போன்ற கட்டங்கள், கட்டத்துக்குள்ளும் எழுத்துகள். முக்கோணம், வட்டம், ஏதோ கணக்கு வாய்பாடு போன்ற ஒரு பட்டியல். மூலையிலே சிறியதொரு மீன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். முதல் எழுத்து 'க' என்று தோன்றிற்று. அடுத்தது மலையாளத்து 'ந' போல வளைந்தது. மூன்றாவது கிரந்தமோ என்றால் கிரந்தமும் அன்று. வட்டெழுத்தை நினைத்தேன், பொருந்தவில்லை. வலமிருந்தும் பார்த்தேன். காவலாளி, "ஐயா, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்க" என்றார். தள்ளி நின்றேன். தள்ளி நின்றால் எழுத்துப் போலவே இருக்கின்றது. கிட்டப் போனால் ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லை.

வரைந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அவர் பெயரிட்ட ஓவிய வரிசையில் ஒன்று அது. அவ்வெழுத்துகளை வேண்டுமென்றே வாசிக்க முடியாதபடி எழுதினார் என்று மருமகன் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. அது இரசிகனுடைய கோபம் அன்று. எங்கள் ஊரிலிருந்து என்னோடு கூடவே வந்த கோபம்.

வட்டுக்கோட்டையிலே நான் நாளும் கடந்துபோகும் மதிலுக்கு உட்புறத்தில் ஒருகாலத்திலே செமினரி இருந்தது. 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அக்கல்விச்சாலையிலே படித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவராகிய கறல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவரே. தாமோதரம்பிள்ளை பெரிய உத்தியோகங்கள் பார்த்தார். ஆனால் தமிழுலகம் அவரை நினைப்பது உத்தியோகத்துக்காக அன்று. ஊர் ஊராய் ஏடு தேடி, செல்லரித்ததும் முறிந்ததுமாகிய ஓலைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் என்பதற்காகவே நினைக்கின்றது. ஏட்டிலே மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். பத்தி இல்லை, இடைவெளி இல்லை, செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாய்ப் போகும். அத்தகைய ஓலையிலிருந்து ஒரு கலித்தொகையை மீட்பது எத்தகைய வேலை என்பதை ஏட்டுப் பிரதியோடு அரைநாள் இருந்து பார்த்தவர் அறிவர். வாசிக்க முடியாததை வாசிக்கத் தந்துவிட்டுப் போன மனிதர் அவர்.

பின்னர் 1981. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நான் சிறுவன். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்பர். அவற்றோடு மீளப் பெறமுடியாத ஏடுகளும். அதற்கு அடுத்த ஆண்டு என் தந்தையார் என்னைப் பாட்டனாரின் பெட்டகத்தின் முன் இருத்தினார். பாட்டனார் நாட்டு வைத்தியர், சோதிடமும் பார்ப்பவர். பெட்டகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஏட்டுக் கட்டுகள் கிடந்தன. வைத்தியம், சாதகம், ஒரு பாரதக் கதைப்பாட்டு, இன்னதென்று தெரியாத சில. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு கட்டு வீதம் படியெடுக்க வேண்டும் என்பது தந்தையாரின் கட்டளை. நான் எடுத்தது நான்கு கட்டு. பரீட்சை வந்தது, உத்தியோகம் வந்தது, சோம்பலும் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, இரண்டு சயிக்கிளிலே அரிசியும் தாயாரும் போக மற்றெதற்கும் இடமிருக்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்து பெட்டகத்தைத் திறந்தேன். மேலே மூன்று கட்டு முழுதாய்க் கிடப்பது போலத் தெரிந்தது. கை வைத்ததும் மண்ணாய்ச் சரிந்தது. கறையான். மிஞ்சியவை பதினொரு ஓலை. அவற்றிலும் வரி தொடர்ந்து ஓடவில்லை.

இப்படி ஒருவனை அழைத்துக்கொண்டுபோய், வாசிக்க முடியாத எழுத்தை ஒருவர் விரும்பி எழுதினார் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? "எங்களிடம் எரிந்ததும் அரித்ததும் போதாதோ, இதை வேறு ஒருவர் வேலை மெனக்கெட்டுச் செய்ய வேணுமோ" என்று மருமகனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு மரத்தடியில் இருந்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கிவந்து தந்தான். பிறகு பணிக்கரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அன்று அவன் சொன்னவற்றையும் ஊர் திரும்பியபின் நானே தேடி அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பணிக்கர் மலையாளக் குடும்பத்தவர். பிறந்தது 1911இல் கோயம்புத்தூரில். இளமையிலே தந்திப் பகுதியில் வேலை பார்த்தார். தந்தி என்பதும் ஒருவகை எழுத்துத்தானே, புள்ளியும் கோடும். அதை விட்டுச் சென்னை ஓவியக் கலாசாலையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் தலைவருமானார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேனாட்டார் முறையில் நன்றாக வரையக் கூடியவர். தென்னையும் நீரும் ஒளியும் நிறைந்த இயற்கைக் காட்சிகள் அவருடைய தொடக்ககாலப் படங்கள். அவற்றைப் பார்த்தால் எந்தப் பண்டிதனும் கோபிக்கமாட்டான்.

அக்காலத்திலே உலகம் முழுவதும் ஓவியத்தில் ஒரு புயல் அடித்துக்கொண்டிருந்தது. அரூப வெளிப்பாட்டு ஓவியம் என்பர். 1940களில் நியூயோர்க்கிலே எழுந்தது. மரம், மாடு, மனிதன் என்று எதையும் வரைவதில்லை. வரைபவன் கையின் விசையும் வண்ணத்தின் பருமையுமே படத்தின் பொருள். சாக்சன் பொலக் என்பவர் 1947 முதல் துணியை நிலத்தில் விரித்து, வண்ணத்தை மேலிருந்து சொட்டவும் வீசவும் விட்டார். அந்தப் புயல் கீழ்த்திசைக்கும் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு ஹொசே ஹோயா, அமெரிக்காவில் கற்று மீண்டபின், 1958இல் மணலும் தடித்த வண்ணமும் சேர்த்துக் 'கிரனடியன் அரபெஸ்க்' என்ற பெரும்படத்தைச் செய்தார். 1964இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் காட்சியிலே தம் நாட்டின் சார்பில் நின்றார். அப்படத்தை நான் அச்சிலேதான் பார்த்திருக்கிறேன். மணலின் கரடு அச்சிலே தெரியாது. ஆனால் கீழ்த்திசைத் தூரிகையெழுத்தின் வீச்சு அந்தக் கையில் இருப்பது எனக்குக் கூடத் தெரிகின்றது. நம் நாட்டிலே, 1943இல் கொழும்பில் கூடிய '43 குழு'வினருள் ஒருவரான ஜோர்ஜ் கிளாசன், துறைமுகப் பகுதியில் படவரைஞராக இருந்தவர், எவரிடமும் ஓவியம் கற்காமலே அரூபத்தைத் தொட்டார். பின்னர் இலண்டனுக்குப் போய்விட்டார்.

ஆகவே அருவம் என்பது அன்றைக்கு எவருக்கும் கிடைக்கும் சரக்கு. கஷ்டம் அதை எங்கே நடுவது என்பதுதான். நியூயோர்க்கிலே சிந்திய வண்ணத்தைச் சென்னையிலும் சிந்தினால் அது நகல். பணிக்கருக்கு இந்தக் கவலை இருந்தது. 1963 அளவில் ஒரு மாணவனுடைய கணிதக் கொப்பி தற்செயலாக அவர் கண்ணிற்பட்டது. எண்களும் இலத்தீன் எழுத்துகளும் வடிவங்களும் நெருங்கிக் கிடந்த ஒரு பக்கம். கணக்கறியாத கண்ணுக்கு அது கணக்கன்று, ஒரு படம். அங்கிருந்து அவருக்கு வழி திறந்தது. சாதக ஓலையும் மந்திரத் தகடும் கோயிற் சுவரெழுத்தும் நிறைந்த நாட்டிலே, எழுத்தின் வடிவமே தம் அருவத்துக்கு மண் என்று கண்டார். வண்ணத்தை வீசவில்லை, எழுதினார். 1977இல் மறையும்வரை அந்த வரிசையைத் தொடர்ந்தார்.

சைவ நூல்களிலே அருவம், உருவம், அருவுருவம் என மூன்று சொல்வார்கள். பணிக்கருடையது மூன்றாவது வகை. மீன் இருக்கின்றது, ஆனால் மீன் கதை சொல்வதற்கு இல்லை. எழுத்து இருக்கின்றது, ஆனால் சொல்லாகவில்லை.

தேநீர் முடிந்தது. "இன்னொருக்கால் பாப்பமோ?" என்றான் மருமகன். உள்ளே போனேன். இம்முறை வாசிக்கப் போகவில்லை.

பரிபாடலிலே அந்தச் சித்திர மண்டபத்தைப் பார்க்க வருவோர், இவர் யார், அவர் யார் என்று கேட்பார்கள். அறிந்தோர் விரல் சுட்டி விடை சொல்வார்கள். இரதி, காமன், அகலிகை, பூனையான இந்திரன். தமிழர் படம் பார்க்கும் முறை நெடுங்காலமாக அதுவே. நானும் அப்படித்தான் முதலிற் பார்த்தேன். விடை வராதபோது கோபித்தேன். இப்போது கேள்வியை வாசலில் விட்டுப் போனதனாற் போலும், சில கண்ணிற் பட்டன. அந்த எழுத்துகள் கிறுக்கல் அல்ல. வரிக்கு வரி ஒரே உயரம், ஓரம் காக்கப்பட்டிருக்கின்றது, வளைவு வளைந்து முடியும் இடத்திலே அடுத்த எழுத்துக்கு இடம்விட்டு நிற்கின்றது. எழுதிப் பழகிய கை. வட்டமான வடிவுகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு நேர்கோடு வந்து மூச்சுவிடுகின்றது. எங்கள் ஏடுகளில் வட்டம் மிகுவதற்குக் காரணம், ஓலையின் இழை வழியே நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதே என்று பெரியோர் சொல்வர். ஓலையே இல்லாத துணியிலும் அந்த அச்சத்தோடு வளைந்திருந்தன பணிக்கரின் எழுத்துகள். முப்பது ஆண்டு கட்டுரைக் கொப்பி திருத்தியவன் நான். எழுத்துக்கு உடம்பு உண்டு என்பதை அந்த முப்பது ஆண்டில் ஒருநாளும் நினைத்ததில்லை. பொருளைப் பறித்துக்கொண்டு எழுத்தை எறிந்துவிடுவது, பலாச்சுளையைத் தின்று பழத்தின் மணத்தை மறப்பது போன்ற எங்கள் தொழிற்பழக்கம்.

ஒன்று நினைவுக்கு வந்தது. விசயதசமியன்று ஊரிலே பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவேன். பிள்ளையை மடியில் இருத்தி, சுட்டுவிரலைப் பிடித்து, தட்டிலே பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிப்பேன். சில பிள்ளைகள் அழும். சில அரிசியை அள்ளும். எப்போதாவது ஒரு பிள்ளை, எழுதி முடித்த சுழியையும் கோட்டையும் வைத்த கண் வாங்காமற் பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு அது அகரம் அன்று, ஒலியும் அன்று. மறுநாளே அது எழுத்தாகிவிடும்; பிறகு ஆயுள் முழுதும் அப்படிப் பார்க்க முடியாது. என்னைப் பணிக்கர் எழுத்து வாசிப்பதற்கு முந்திய அந்த மடியிலே கொண்டுபோய் இருத்திவிட்டார். ஐம்பதை நெருங்கியவனுக்கு அது எளிய காரியம் அன்று.

நம் புலவர்களும் இதை முற்றும் அறியாதவர் அல்லர். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி, பாட்டைச் சக்கரத்திலும் நாகத்தின் உடலிலும் அடைத்துக் காட்டியது. ஆனால் சித்திரகவியில் விடுகதை இருக்கின்றது. விடுவித்தால் பாட்டு வரும், அதோடு முடிந்தது. வெறும் சாமர்த்தியம் என்று அதைப் பழிப்போரும் உண்டு. நானும் பாதிநாள் அந்தக் கட்சி. பணிக்கரிடம் விடுவிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவருடையவை எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பிறகு நூல்களில் அந்த வரிசையின் படங்கள் பலவற்றைப் பார்த்தேன். சிலவற்றிலே குறியீடுகள் நெருங்கி, சந்தைக்கடை விரித்தது போலிருக்கின்றன. சிலவற்றிலே கை பழக்கத்துக்கு ஓடுகின்றது. அவரைப் பார்த்துப் பின்னர் எழுத்தை ஓவியத்திலே தூவியவர் பலர். அவர்களிற் பலருக்கு எழுத்து ஓர் அலங்காரம். கலியாண அழைப்பிதழிற் கூட இப்போது அந்தப் பாணி வருகின்றது. அதற்குப் பணிக்கர் பொறுப்பாளி அல்லர்.

ஆனாலும் எனக்குள் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. எழுத்திருந்து பொருள் தொலைவது வேறு. பொருளே இல்லாமல் எழுத்துப் பிறப்பது வேறு. முன்னையது இழப்பு. தாமோதரம்பிள்ளை இருந்திருந்தால் பணிக்கரின் படத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏட்டோடு ஏடு ஒப்புநோக்கிய அந்தக் கண் நிச்சயமாக என்னைவிடக் கூடிய நேரம் முயன்றிருக்கும். பாடபேதம் கூடக் குறித்திருப்பார்.

ஊருக்கு வந்து பத்து நாட் சென்றபின், பெட்டகத்திலிருந்து அந்தப் பதினொரு ஓலையையும் வெளியே எடுத்தேன். பத்தொன்பது ஆண்டாக அவற்றைத் திறக்கவில்லை; வெட்கம் ஒரு காரணம். பழைய முறைப்படி கோவையிலைச் சாற்றிலே கரியைக் குழைத்து, துணியால் ஓலைமேல் மெல்லத் தடவித் துடைத்தேன். கீறல் இருந்த இடமெல்லாம் மை இறங்கிக் கறுத்தது. எழுத்தாணி கீறிய கீறலிலும் இறங்கியது. பூச்சி அரித்த தடத்திலும் இறங்கியது. பாட்டனார் கை எது, பூச்சியின் வாய் எது என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு. ஓரிடத்தில் 'சுக்கு' என்றிருப்பது போலத் தோன்றிற்று. மற்றோரிடத்தில் ஓர் எண்.

மனைவி வந்து எட்டிப் பார்த்து, "என்னவாம் எழுதியிருக்கு?" என்றாள்.

"சுக்குப் போலக் கிடக்கு" என்றேன்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவற்றில் இரண்டு ஓலையைக் கண்ணாடிச் சட்டத்திலே பதித்து, எங்கள் பள்ளிக்கூடத்து வாசிகசாலைச் சுவரில் மாட்டச் செய்தேன். கீழே விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் அதன் முன் கூடுகிறார்கள். போன கிழமையும் பார்த்தேன். ஒருத்தன் கண்ணாடியில் விரலை வைத்து, "இது 'த'" என்றான். மற்றவள், "இல்லை, அது மீன்" என்றாள்.